ஒன்பது மில்லிமீட்டர்

கடிதத்தின் கடைசி வரியைப் படிக்காமல் விட்டது யார் தெரியுமா? இருபத்திரண்டு வருடமாக ஊரார் கடிதங்களின் முகவரியைக் கடைசி வரிவரை படித்துப் படித்து வீடு கண்டுபிடித்த தபால்காரி. அவளுக்கே வந்த கடிதத்தில் மட்டும் கண் தெரியாமல் போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது!

விஷயம் இதுதான். ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு வீட்டு வாசலில் கடிதத்தை நீட்டியபடியே அவள் சரிந்து விழுந்தாள். பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை, இடது கையும் பாதிக்குமேல் தேறிவிட்டது. இடது பாதம் மட்டும் தொங்கிப்போனது. தூக்கி வைக்க நினைத்தால் விரல் முனை தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். தேய்த்துத் தேய்த்து, வேலைக்குப் போடும் பழைய கறுப்பு ஷூவின் நுனியில் ஓட்டையே விழுந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் இலாகா மருத்துவர் வந்து நடக்கச் சொன்னார். கடிதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கைத்தடி இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல், நீண்ட தாழ்வாரத்தில் இரண்டு முறை போய்த் திரும்ப வேண்டும். பிறகு இருபத்துநான்கு படி ஏறி இறங்க வேண்டும். எல்லாம் எட்டு நிமிடத்துக்குள். அவள் பாதித் தாழ்வாரத்தில் தடுக்கிச் சுவரைப் பிடித்தாள். அதோடு அன்றைய பரிசோதனை முடிந்தது. இன்று காலை பத்து மணிக்கு இரண்டாவது வாய்ப்பு. இதுவே கடைசி. இதில் தவறினால் கட்டாய ஓய்வு, வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

காலை ஏழரைக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே அவள் கணவர் பரிசோதனைக்கு அழைத்த அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தார். குழாய் வேலை செய்கிற மனிதர். எதையும் இரண்டு தரம் பார்க்கிற வழக்கம்.

"ஏய், இங்க பாரு. 'முழுச் சீருடையில் வர வேண்டும், இலாகா வழங்கிய காலணி உட்பட'ன்னு போட்டிருக்கே."

"சட்டை பேன்ட்டுன்னு நெனச்சேன்."

"காலணி உட்படன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"கொட்டை எழுத்தா அது? எறும்பு எழுத்து!"

அதன்பிறகு நடந்தது இதுதான். பரணில் ஒரு பெட்டி இருந்தது. விழுவதற்கு முந்தின வாரம் இலாகா கொடுத்த புதுக் கறுப்பு ஷூ, பிரிக்காமலே கிடந்தது. இலாகா எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் கொடுக்கும். வருடா வருடம் அதற்காக அவள் சண்டை போடுவாள். இந்த ஒரு தடவை அது உதவிக்கு வந்தது. தொங்கும் பாதத்தைத் தாங்கிப் பிடிக்க முதல் பரிசோதனைக்குப் பின் செய்து வாங்கிய பிளாஸ்டிக் கணுக்கால் பிரேஸை மாட்டிய இடது பாதம் அதற்குள் கச்சிதமாக இறங்கியது. கணவர் கயிற்றைக் கட்டினார். அவள் எழுந்து வாசல்வரை நாலு எட்டு வைத்தாள். ஏதோ ஒரு மாதிரி இருந்தது. புது ஷூ, அப்படித்தான் இருக்கும் என்று டாக்சியில் ஏறிவிட்டார்கள்.

தபால் அலுவலக வாசலில் இறங்கும்போது மணி ஒன்பது ஐந்து. வாசலிலிருந்து கடிதங்களுக்கு முத்திரை குத்தும் அறைவரை முப்பது காலடி தூரம் இருக்கும். பத்தாவது எட்டில் இடது முழங்கால் வெடுக்கென்று பின்பக்கமாகப் போனது. யாரோ முட்டியைப் பிடித்துப் பின்னால் தள்ளினாற்போல. அடுத்த எட்டிலும் அதே. அதற்கடுத்த எட்டிலும் அதே. உடம்பு பின்னால் சாய்கிறது, கால் முன்னால் உருள மறுக்கிறது. வலி வேறு, முழங்காலின் பின்மடிப்பில் சுரீரென்று.

"என்னங்க, நடக்க வரல."

"பயத்துல அப்படித் தோணும். மூச்ச இழுத்து விடு."

"பயமும் இல்ல, மண்ணும் இல்ல! முட்டி பின்னால போகுது. பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நேற்றுவரை இதே பிரேஸில் மொட்டைமாடிப் படியை நாலு தடவை ஏறி இறங்கியவள்.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பிரேஸ் செய்து கொடுத்த பிரேஸ்காரம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். அந்தம்மா பட்டறையில் சாணை எந்திரத்தைப் பிடித்திருந்தால் இடி விழுந்தாலும் காதில் விழாது. நாலாவது தடவை எடுத்தார்.

"சொல்லுங்கம்மா. இன்னிக்குத்தானே உங்களுக்குப் பரீட்சை?"

"மேடம், பிரேஸ் கெட்டுப்போச்சு. முட்டி பின்னால தள்ளுது."

"என்னைக்குமில்லாம இன்னிக்கா? எதுவும் உடைஞ்சிருக்கா? வார் அறுந்திருக்கா?"

"இல்ல. எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"காலில என்ன ஷூ?"

அவ்வளவுதான். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

பிரேஸுக்கு அளவெடுத்த நாளிலேயே பிரேஸ்காரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வேலைக்குப் போடுகிற ஷூவைக் கொண்டுவாங்க, அது எவ்வளவு பழசா இருந்தாலும் சரி. காலில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சின்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, வெட்டி, தேய்த்து, கடைசியில் அந்த ஷூவின் குதி உயரத்துக்கு ஏற்றபடிதான் சாய்மானம் வைப்பார்கள். இந்தத் தபால்காரி என்ன செய்தாள்? ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு போகிற குடும்பம் அது. நுனியில் ஓட்டை விழுந்த ஷூவை நாலு பேர் பார்க்க மேசைமேல் வைப்பதாவது! தங்கையின் நீல நிற விளையாட்டு ஷூவை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். இதுதான் வேலைக்குப் போடுவதா என்று பிரேஸ்காரம்மா கேட்டபோது, ஆமாம் மேடம் என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். ஒன்றரை மாதமாக அதைப் போட்டுக்கொண்டுதான் நடந்து பழகினாள்.

"மேடம்... அந்த நீல ஷூ என்னோடது இல்ல."

"என்னது?"

"தங்கச்சியோடது. என் ஷூவுல ஓட்டை. உங்க முன்னால வைக்க வெக்கமா இருந்துச்சு."

"அட கடவுளே! ஏம்மா, அந்த ஓட்டைதாம்மா எனக்கு வேணும்! எங்க தேயுது, எந்தப் பக்கம் சாயுது, எல்லாம் அதுலதான் எழுதியிருக்கும். எத்தனை பேர் இப்படி என் தலையில மிளகாய் அரைக்கிறீங்க! சீவிச் சிங்காரிச்சு வந்து காலைக் காட்டினா நான் என்னத்தக் கண்டேன்?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமும் கோபமும் பயமும் ஒன்றாக வந்தால் வேறு என்ன வரும்? கணவர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், திட்டுறத அப்புறம் வெச்சுக்கலாம். நாற்பது நிமிஷம் இருக்கு. என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்க."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரர். குழாய் வேலை. கையில கத்தி பிடிக்கத் தெரியும்."

"நல்லதாப் போச்சு. நான் கெளம்பி வந்தா ஒரு மணி நேரம் ஆகும். நீங்களே செய்ங்க. கறுப்பு ஷூவ எடுங்க. குதிகால் கிட்ட அடி எவ்வளவு தடிமன், முன்பாதத்துக்கிட்ட எவ்வளவு தடிமன்? அளந்து சொல்லுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்தார். கல்யாணத்துக்குப் போனாலும் அது அவர் பையில் இருக்கும். குதியில் இருபத்துநாலு, முன்னால் பதினெட்டு. மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"நீல ஷூவுல வித்தியாசம் பதினஞ்சு. இதுல ஆறு. ஒன்பது மில்லிமீட்டர் கொறையுது. அதான் காலைப் பின்னால சாய்க்குது. பிரேஸுக்கு அடியில, குதிகால்ல மட்டும், ஒன்பது மில்லிக்கு ஒரு துண்டு வைங்க. முன்பக்கம் சரிவாச் சீவிடுங்க. ரெண்டு காலுக்கும் வைக்கணும், இல்லேன்னா ஒரு கால் நெட்டை ஒரு கால் குட்டை. அட்டை வேணாம், நசுங்கிடும். ஸ்பாஞ்சும் வேணாம். கெட்டி ரப்பர் வேணும்."

"கெட்டி ரப்பருக்கு இப்ப நான் எங்க போவேன்?" என்றார் கணவர்.

அவளுக்குத் தெரியும் எங்கே என்று. தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது.

முத்திரை அறையில் முத்திரைக்காரரின் மேசைமேல் ஒரு ரப்பர் பலகை உண்டு. கடிதத்தை அதன்மேல் வைத்துத்தான் முத்திரை குத்துவார். அப்போதுதான் தேதி பளிச்சென்று விழும். வெறும் மேசையில் குத்தினால் பாதி எழுத்து காணாமல் போகும். அந்தப் பலகையை அவர் யாரையும் தொட விடுவதில்லை. தேநீர்க் கோப்பையை ஒருவர் அதன்மேல் வைத்துவிட்டு ஒரு வாரம் பேச்சு வாங்கினார்.

அதுகூடப் பரவாயில்லை. அவள் நடையின் வேகத்துக்காக அலுவலகமே அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடும். முதல் பரிசோதனையில் அவள் சுவரைப் பிடித்து நின்ற அன்றைக்கு, இதே முத்திரைக்காரர், "எக்ஸ்பிரஸ் கூட்ஸ் வண்டியாயிடுச்சேப்பா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. செத்தாலும் அந்த ஆள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று வீட்டில் சத்தியமே செய்திருந்தாள்.

மணி ஒன்பது இருபத்தைந்து.

"எழுந்திரு, போய்க் கேப்போம்" என்றார் கணவர்.

"நீங்க இருங்க. நானே கேக்குறேன்."

முழங்கால் பின்னால் வெட்ட வெட்ட, சுவரைத் தடவிக்கொண்டு போய் அவர் மேசைமுன் நின்றாள். அவர் முத்திரையைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

"அண்ணே, எனக்கு அந்த ரப்பர் வேணும்."

"எதுக்கு?"

"கால்ல வைக்க. ரெண்டு துண்டு. இல்லேன்னா இன்னிக்கு நான் நடக்க மாட்டேன், என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கேலி பண்ணணும்னா பத்து மணிக்கு அப்புறம் பண்ணுங்க."

முத்திரைக்காரர் அவள் முகத்தையும் பார்த்தார், காலையும் பார்த்தார். மேசையிலிருந்த கடிதக் கட்டுகளைக் கையால் ஒதுக்கி, மை ஏறிக் கறுத்த அந்தப் பலகையைத் தூக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

"அன்னிக்கு வாய் இருக்க மாட்டாம சொல்லிட்டேன்ம்மா. ராத்திரி சோறு இறங்கல. எடுத்துக்க."

அவள் பலகையை எடுத்து, பின்னாலேயே வந்து நின்ற கணவரிடம் நீட்டினாள். கணவர் பார்சல் கட்டும் அறையிலிருந்து கத்தியை வாங்கித் தண்ணீரில் நனைத்தார். உலர்ந்த கத்தியில் ரப்பர் பிடித்து இழுக்கும், ஈரக் கத்தியில் வழுக்கிக்கொண்டு வரும். குழாய்க்கு ரப்பர் வாஷர் வெட்டி வெட்டிப் பழகிய கை அது. பலகை பத்து மில்லி தடிமன் இருந்தது; சின்னப் பலகை, இரண்டு குதிகாலுக்குப் போக மிச்சம் ஓரச் சீவல்தான். குதிகால் வடிவில் இரண்டு துண்டு வெட்டி, அடியில் ஒரு மில்லி சீவி, முன்பக்கம் சரித்தார். ஒருமுறை கத்தி விலகி அவர் கட்டை விரலைக் கீறியது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டே மறுகையால் சீவினார். மணி ஒன்பது நாற்பத்தாறு.

"மேடம், வெச்சாச்சு."

"போனைத் தரையில வைங்க. அம்மா, நடங்க. எனக்குச் சத்தம் கேக்கணும்."

முத்திரைக்காரர் அறையிலிருந்த நாலைந்து பேரையும் கையமர்த்தினார். அவள் நடந்தாள். தப். தப்.

"இல்ல, பாதம் முழுசா ஒரே நேரத்துல விழுது. துண்டு முன்னால நகர்ந்திருக்கும். பின்னாடி தள்ளி வைங்க."

கணவர் மண்டியிட்டு ஷூவைக் கழற்றி, துண்டை ஒரு விரலளவு பின்னே தள்ளி, பார்சல் ஒட்டும் நாடாவால் அமுக்கி ஒட்டினார். அவள் மறுபடி நடந்தாள். டக்-தப். டக்-தப். குதி முதலில், நுனி அடுத்து. முழங்கால் இருந்த இடத்தில் இருந்தது.

"அதான்!" என்று போன் தரையிலிருந்து கத்தியது. "அதே கால்தான்! ஓடாதீங்க, கயிறு தளர்ந்தா நின்னு கட்டுங்க. நாளைக்கு வாங்க, இந்தக் கறுப்பு ஷூவுக்கே சாய்மானம் சரிபண்ணித் தர்றேன். அந்த ஓட்டை ஷூவையும் கொண்டுவந்து சேருங்க!"

பத்து மணிக்கு மருத்துவர் வந்தார். கையில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. எட்டுக் கிலோ பையை முத்திரைக்காரரே தூக்கி அவள் வலது தோளில் மாட்டிவிட்டார்.

தாழ்வாரம் முதல் முறை. டக்-தப். இருபுறமும் கதவோரங்களில் ஆட்கள் நின்றார்கள். ஏழு மாதமாக அவள் வட்டாரத்துக்குக் கடிதம் கொண்டுபோகிற மாற்று ஆளும் நின்றான், பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல். இரண்டாம் முறை. மூன்று நிமிடம் இருபது. படி ஏறினாள். நல்ல கால் முதலில், பிரேஸ் கால் அடுத்து. பை பின்னால் இழுத்தது, ரப்பர் முன்னால் நிறுத்தியது. மேல் படியில் திரும்பினாள். ஐந்து நிமிடம் பத்து. கீழே கணவர் கட்டை விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது வந்தது வினை. ரப்பர் வைத்ததால் குதிகால் ஷூவுக்குள் உயர்ந்து நின்றது. எட்டாம் படியில் கயிறு தளர்ந்தது. பத்தாம் படியில் ஷூவின் பின்பக்கம் வழுக்கி இறங்குவதை அவள் உணர்ந்தாள். இன்னும் பதினாலு படி. அப்படியே இறங்கிவிடலாம், விறுவிறுவென்று போய்விடலாம் என்று மனம் கிடந்து துடித்தது. பழைய எக்ஸ்பிரஸாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள்.

அவள் நின்றாள். பையோடு படியில் உட்கார்ந்தாள்.

"அய்யோ" என்றது யாரோ. மருத்துவர் தலையைத் தூக்கினார். கடிகாரத்தை நிறுத்தவில்லை.

அவள் கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். இடது கை விரல்கள் ஒத்துழைக்கவில்லை. முடிச்சு நழுவியது. ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். கணவர் ஒரு படி ஏறினார். யாரும் தொடக்கூடாது என்பது நினைவு வந்து, ஏறிய காலைக் கீழே வைத்தார். மூன்றாவது தடவை முடிச்சு விழுந்தது. அதற்குள் ஒன்றரை நிமிடம் போயிருந்தது. கைப்பிடியைத் தொடாமல் தொடையில் கை ஊன்றி எழுந்தாள். ஒவ்வொரு படியாக, பதினாலு படி. கடைசிப் படியில் மருத்துவர் கடிகாரத்தை அமுக்கினார்.

"ஏழு நிமிஷம் நாற்பத்தொன்பது."

கைதட்டல் எழும்பப் பார்த்தது. மருத்துவர் விடவில்லை. "உள்ள வாங்க. ஷூவக் கழட்டுங்க, பிரேஸைப் பாக்கணும்."

கணவரும் முத்திரைக்காரரும் வாசலில் நின்றார்கள். அவள் கழற்றினாள். ஒட்டு விட்டிருந்த ரப்பர் துண்டு பிரேஸோடு வந்து மேசைமேல் விழுந்தது. அதன் முதுகில் ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ நாளின் தேதிகள்.

"இது பிரேஸோட பாகமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முன்னொரு நாள் அப்படி ஒரு ஆமாம் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்தாள்.

"இல்ல சார். முத்திரை குத்துற ரப்பர். பிரேஸ் செய்யிறப்ப நான் தப்பான ஷூவக் குடுத்துட்டேன். என் ஷூ கிழிஞ்சிருந்துச்சு, காட்ட வெக்கப்பட்டேன். இன்னிக்குக் காலையிலதான் இந்தத் துண்டை வெட்டி வெச்சோம்."

"இதோட தெருத்தெருவா நடக்க முடியுமா?"

"இதோட முடியாது சார். நாளைக்கு இந்த ஷூவுக்கே சாய்மானம் சரிபண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் முடியும்."

மருத்துவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வெட்டினது?"

"என் வீட்டுக்காரர்."

"படியில உட்கார்ந்தீங்களே, நேரம் போயிடுமேன்னு பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு சார். ஆனா விழுந்தா அதோட எல்லாம் போயிடும்."

அவர் பேனாவை எடுத்தார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அவள் தலைகீழாகத் தெரிந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள், இந்த முறை கடைசி வரிவரை. 'பணிக்குத் தகுதி. காலணியும் பிரேஸும் பொருத்தப்பட்டதற்கான சான்று ஒரு வாரத்தில் தரப்பட வேண்டும்.' அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விழுந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வாசலில் கணவர் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

"அலுவலக முத்திரை போட்டுக் கொண்டாங்க" என்று மருத்துவர் காகிதத்தை நீட்டினார்.

முத்திரைக்காரர் வாங்கிக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்தார். முத்திரையை மையில் தோய்த்தார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. ரப்பர் இருந்த இடத்தில் வெறும் மரம். பக்கத்திலிருந்த வேறு காகிதத்தில் ஒன்று குத்திப் பார்த்தார். மாதம் விழுந்தது, தேதி விழவில்லை.

"இத இப்படிக் குத்தினா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவானுங்க" என்றார்.

இடது ஷூவில் துண்டை மறுபடி வைத்து மாட்டிக்கொண்டு, டக்-தப் என்று பின்னாலேயே வந்த அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது ஷூவைக் கழற்றி, உள்ளேயிருந்த துண்டை எடுத்து, சேலைத்தலைப்பு இல்லாத சீருடையில் வேறு எதில் துடைப்பது, சட்டைக் கையிலேயே துடைத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்கண்ணே, இதுமேல வெச்சுக் குத்துங்க. குத்திட்டுத் திருப்பிக் குடுங்க, நான் வீட்டுக்கு நடந்து போகணும்."